அளந்தது ஆழாக்கு, கொட்டியது மூட்டை: கெர்னல் நினைவகத்தில் முழு எண் வழிதலைக் கண்டுபிடிப்பது எப்படி

2003 நவம்பரில் டெபியன் லினக்ஸ் திட்டத்தின் நான்கு சர்வர்களுக்குள் அந்நியர் ஒருவர் புகுந்துவிட்டார். திட்டத்தில் பணியாற்றிய ஒருவருடைய பாஸ்வேர்டு முன்பே களவு போயிருந்தது. ஆனால் அது கொடுத்தது சாதாரணப் பயனருக்குரிய உரிமையை மட்டும்தான். அங்கிருந்து ரூட் உரிமைக்கு, அதாவது கணினி முழுவதையும் ஆளும் உரிமைக்கு அவர் எப்படி ஏறினார் என்பது முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் விட்டுச்சென்ற மறையாக்கம் செய்யப்பட்ட நிரலைப் பிரித்துப் படித்த பிறகே விடை கிடைத்தது. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு நினைவகத்தை நீட்டித்துக் கொடுக்கும் 'பிஆர்கே' என்ற பகுதியில் ஒரு கூட்டலை யாரும் சரிபார்க்கவில்லை.

ஒரே ஒரு கூட்டல். அதை அடைக்க இரண்டு வரி நிரல் போதுமானதாக இருந்தது.

சி மொழி ஓரளவு தெரிந்து, கெர்னல் நிரலை இதுவரை திறந்துகூடப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய பிழை எப்படிப் பிறக்கிறது, நிரலைப் படிக்கும்போது எங்கே நின்று பார்க்க வேண்டும், எப்படித் திருத்த வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழிலேயே தந்திருக்கிறேன்.

முதல் படி: எண் சுற்றிக்கொள்வதைக் கண்ணால் பாருங்கள்

வட்டத்தட்டு சுழலும் பழைய மின்மீட்டரில் ஐந்து இலக்கங்கள் இருக்கும். 99999 வந்த பிறகு அடுத்த யூனிட்டுக்கு அது 00000 என்று காட்டும். கணக்கெடுக்க வருபவர் போன மாத அட்டையைப் புரட்டிப் பார்த்து, மீட்டர் ஒரு சுற்று முடித்திருப்பதைப் புரிந்துகொள்வார். கணினியின் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் அப்படி ஓர் அட்டை கிடையாது. 32 பிட் கொண்ட, குறியற்ற ஒரு மாறியில் 4294967295 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்று சேர்த்தால் பூஜ்யம். எந்த எச்சரிக்கையும் வராது, நிரலும் நிற்காது.

இதை நினைவக ஒதுக்கீட்டோடு இணைத்துப் பாருங்கள். ஒரு நிரல் பயனரிடம் 'எத்தனை பதிவுகள்?' என்று கேட்கிறது. ஒவ்வொரு பதிவும் 16 பைட். பயனர் 268435457 என்கிறார். 16 × 268435457 என்பது உண்மையில் 4294967312. 32 பிட்டில் அது கொள்ளாது; 4294967296 கழிந்து மிஞ்சுவது 16. நிரல் 16 பைட் இடம் கேட்டு வாங்குகிறது. பிறகு வரும் சுழற்சியோ பெருக்கலுக்கு முந்தைய எண்ணையே நம்பி, இருபத்தாறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அந்த இடத்தில் எழுதத் தொடங்குகிறது. அளந்தது ஆழாக்கு, கொட்டுவது மூட்டை.

வழிந்தது போகுமிடம்தான் ஆபத்து. ஒதுக்கிய இடத்துக்கு அடுத்த வீட்டில் வேறு யாருடைய தரவோ குடியிருக்கிறது. கெர்னலில் அது ஒரு பயனரின் உரிமைகளைச் சொல்லும் பதிவாக இருக்கலாம். அடுத்து எந்தச் செயற்கூற்றை அழைக்க வேண்டும் என்று காட்டும் முகவரியாகவும் இருக்கலாம். அதை விரும்பியபடி மாற்றி எழுத முடிந்தவர் கெர்னலையே தன் வசப்படுத்திவிடுகிறார்.

இந்தப் பெருக்கலை இன்றே உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். பலர் முதல் முயற்சியில் ஏமாறுவது ஓர் இடத்தில்தான்: இன்றைய 64 பிட் கணினியில் அளவைக் குறிக்கும் இயல்பு வகையும் 64 பிட் என்பதால் எண் சுற்றாது. மாறியை 32 பிட் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அப்போது 16 என்ற விடை திரையில் வரும். அடுத்ததாக, அந்த 16 பைட்டை மாலாக் மூலம் வாங்கி, பதினேழாவது பைட்டில் ஏதாவது எழுதுங்கள். நிரல் பெரும்பாலும் விழாது. லினக்ஸில் வழக்கமாக உள்ள ஜிலிப்சி நூலகம் 16 கேட்டால் பயன்படுத்தத் தக்க 24 பைட் தருகிறது. ஆகவே சிறிய வழிதல் சத்தமின்றிக் கடந்துபோய், பிறகு சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் நிரல் சரியும். விழுந்த இடத்தில் பிழையைத் தேடினால் கிடைக்காது. பிழை இருப்பது அதற்கு வெகு முன்னால் நடந்த கணக்கில்.

இரண்டாம் படி: எண் எங்கிருந்து வருகிறது என்று எழுதி வையுங்கள்

நிரலைப் படிக்கும்போது ஒரு தாளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்த அளவு எந்தெந்த எண்களிலிருந்து உருவாகிறது என்று பின்னோக்கிப் போய்க் குறியுங்கள். அவற்றில் எது வெளியாள் கையிலிருந்து வருகிறது? கெர்னலுக்கு வெளியாள் என்றால் பயனர் நிரல் சிஸ்டம் கால் (கெர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் அழைப்பு) வழியாகத் தரும் மதிப்பு, ஒரு கோப்பின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் எண், வலையமைப்பிலிருந்து வரும் பொட்டலத்தின் புலம் ஆகியவை. கோப்பின் தலைப்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'கோப்பு நம்முடையதுதானே' என்ற எண்ணம்தான் காரணம். இயக்கப்படும் ஒவ்வொரு நிரல்கோப்பையும் கெர்னலே திறந்து, அதில் எழுதியிருக்கும் முகவரிகளைப் படித்து நினைவகத்தை அமைக்கிறது. அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் கையால் செதுக்க முடியும்.

2020 மார்ச்சில் வெளிவந்த, எஸ்எம்பிகோஸ்ட் என்று பெயர் பெற்ற விண்டோஸ் ஓட்டையில் வலையமைப்புப் பொட்டலம்தான் வாசல். சுருக்கப்பட்ட தரவை விரிக்கும் கெர்னல் பகுதி, பொட்டலத்தில் வந்த இரண்டு 32 பிட் எண்களைச் சோதிக்காமல் கூட்டி, அந்தத் தொகை அளவுக்கு பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) வாங்கியது. இரண்டு எண்களும் அனுப்புபவர் கையில் இருந்தன.

மூன்றாம் படி: கூட்டலுக்கும் கழித்தலுக்கும் முன்னால் நில்லுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெருக்கல் ஆபத்தானது என்று எல்லோருக்கும் விரைவில் பழகிவிடுகிறது. கூட்டல், கழித்தல் இரண்டும் பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பதால் அனுபவசாலிகளின் கண்ணிலும் தப்பிவிடுகின்றன.

பிஆர்கே பிழைக்கே திரும்புவோம். 32 பிட் இன்டெல் கணினியில் அன்றைய லினக்ஸ், மொத்த 4 ஜிபி முகவரிவெளியில் முதல் 3 ஜிபியைப் பயனர் நிரலுக்கும், கடைசி 1 ஜிபியைத் தனக்கும் வைத்துக்கொண்டது. எல்லைக்கோடு 3221225472. 'டூ பிஆர்கே' என்ற செயற்கூற்றுக்குத் தொடக்க முகவரி ஒன்றும் நீளம் ஒன்றும் வரும். தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டினால் வரும் முடிவு எல்லைக்கோட்டைத் தாண்டுகிறதா என்று அது கேட்கவே இல்லை. அதனால் பயனர் நிரல் ஒன்று தன் நினைவகத்தைக் கெர்னலின் பகுதிக்குள்ளேயே நீட்டிக்கொள்ள முடிந்தது.

திருத்தத்தில் இரண்டு நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் மறு. கூட்டுத்தொகை தொடக்கத்தைவிடச் சிறியதாக இருந்தாலும் மறு. இரண்டாவது நிபந்தனை எதற்கு என்று புதியவர்கள் தவறாமல் கேட்பார்கள். எண்ணைப் போட்டே பார்ப்போம். தொடக்கம் 3221221376, அதாவது எல்லைக்கு ஒரு நினைவகப் பக்கம் (4096 பைட்) முன்னால். நீளம் 1073750016. கூட்டினால் 4294971392. 32 பிட்டில் அது சுற்றிக்கொண்டு 4096 ஆகிவிடும். 4096 எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. முதல் நிபந்தனை அதைச் சமர்த்தாக உள்ளே விட்டுவிடும். இரண்டாவதுதான் பிடிக்கிறது: ஏதோ ஒரு நீளத்தைக் கூட்டிய பிறகு கிடைத்த 4096, தொடக்கத்தைவிட எப்படிச் சிறியதாக இருக்க முடியும்?

இதே சோதனையைச் சுற்றவே முடியாத வடிவிலும் எழுதலாம். முதலில் நீளம் மட்டும் எல்லையைவிடப் பெரியதா என்று கேளுங்கள். பெரியதில்லை என்றால் எல்லையிலிருந்து நீளத்தைக் கழித்து, தொடக்கம் அந்த மீதியைவிடப் பெரியதா என்று கேளுங்கள். மேலே சொன்ன எண்களுக்கு மீதி 2147475456. தொடக்கம் அதைவிடப் பெரியது, ஆகவே மறுப்பு. எனக்கு இந்த வடிவமே பிடிக்கும். படிப்பவர் 'இது சுற்றுமா' என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் அதில் வரும் முதல் கேள்வியை விட்டுவிட்டுக் கழித்தலை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜனவரியில் ஓர் உதாரணம் கிடைத்தது. கோப்புமுறைமையை ஏற்றும்போது பயனர் தரும் விருப்பங்களை லினக்ஸ் கெர்னல் 4096 பைட் கொண்ட ஒரே பக்கத்தில் காற்புள்ளி இட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கிறது. புதிதாக வரும் விருப்பத்தின் நீளம், '4096 − 2 − ஏற்கெனவே நிரம்பிய அளவு' என்பதைவிடப் பெரியதா என்பதே சோதனை. முதல் பார்வைக்குக் குறையே இல்லை. இப்போது அனுமதித்த அளவுக்கு முழுமையாக நிரப்புங்கள். விருப்பத்தோடு காற்புள்ளிக்கும் ஒரு பைட் சேருவதால் நிரம்பிய அளவு 4095 ஆகிறது. அடுத்த முறை கணக்கு 4096 − 2 − 4095. விடை −1. குறியற்ற எண்ணில் −1 என்பதே கிடையாது. 64 பிட்டில் அது 18446744073709551615 ஆகிவிடும். அதைவிடப் பெரிய நீளம் எதுவுமே இருக்க முடியாது என்பதால், அதன்பிறகு வரும் விருப்பங்கள் எல்லாமே பக்கத்தைத் தாண்டி அடுத்த நினைவகத்துக்குள் கொட்டின. கன்டெய்னருக்குள், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்துவைக்கும் கூண்டுக்குள் அடைக்கப்பட்ட நிரல் ஒன்று இதைப் பயன்படுத்தி வெளியேறி, அடியில் இருக்கும் கணினியைப் பிடிக்க முடியும் என்பது செய்தே காட்டப்பட்டது.

திருத்தம் கழித்தலைக் கூட்டலாக மாற்றியது: நிரம்பிய அளவு + நீளம் + 2 என்பது 4096ஐத் தாண்டுகிறதா? 'கூட்டல் சுற்றாதா' என்று நீங்கள் கேட்டால், மூன்றாம் படி உங்களுக்குப் பழகிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் சுற்றாது; ஒருமுறை தரக்கூடிய விருப்பத்தின் நீளத்துக்கு வேறோர் இடத்தில் உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பு இல்லாத இடத்தில் இதே வடிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தால் பிஆர்கே பிழையையே மறுபடி எழுதியவர் ஆவீர்கள்.

நான்காம் படி: எண் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்

கணக்கு எதுவுமே நடக்காமலும் எண் கெட்டுப்போகும். 64 பிட் மாறியில் இருக்கும் அளவை, 32 பிட் கொண்ட குறியுள்ள மாறியை எதிர்பார்க்கும் செயற்கூற்றுக்குக் கொடுத்தால் போதும். குறியுள்ள 32 பிட் எண்ணின் உச்சம் 2147483647. அதைவிட ஒன்று கூடினால் −2147483648 என்று படிக்கப்படும்.

2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட செக்கோயா என்ற லினக்ஸ் ஓட்டை இந்த வகை. ஒன்றுக்குள் ஒன்றாக அடைவுகளை உருவாக்கிக்கொண்டே போய், மொத்தப் பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டும்படி செய்தால், அதைக் காட்டுவதற்கான பஃபரைக் கெர்னல் இரட்டித்து இரட்டித்து 2 ஜிபிக்குக் கொண்டுபோகும். அந்த அளவு ஒரு 32 பிட் மாறிக்குள் நுழையும்போது எதிர்மறை எண்ணாகத் திரும்புகிறது. பஃபரின் கடைசியில் எழுத வேண்டிய பத்து பைட் சரம், பஃபரின் தொடக்கத்துக்கும் 2 ஜிபி முன்னால் போய் விழுகிறது. இவ்வளவு நீளமான பாதையை யாராவது உருவாக்குவார்களா என்று நினைத்தால் அந்த வரியைக் கடந்துபோய்விடுவீர்கள். தாக்குபவர் உருவாக்குவார். நிரலைப் படிக்கும்போது 'வழக்கமாக என்ன மதிப்பு வரும்' என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, 'இந்த வகை ஏற்கும் மிகப் பெரிய மதிப்பு வந்தால்' என்று மட்டும் யோசியுங்கள். இந்தப் பழக்கம் வர எனக்கு வெகுநாள் ஆயிற்று. வந்த பிறகு பழைய நிரல்களையெல்லாம் புதிதாகப் படிப்பதுபோல் இருந்தது.

ஐந்தாம் படி: எண்ணிக்கைப் பதிவேடுகள்

ஒரு நினைவகத் துண்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். பூஜ்யத்துக்கு வந்தால் துண்டை விடுவித்துவிடும். ஏற மட்டும் செய்து இறங்காத வழி ஒன்று கிடைத்தால், ஏற்றிக்கொண்டே போய் அதைச் சுற்ற வைத்துப் பூஜ்யமாக்கலாம். யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே துண்டு விடுவிக்கப்பட்டுவிடும். 2016 ஜனவரியில் வெளியான, சாவிகளைக் கெர்னல் சேமித்துவைக்கும் கீரிங் பகுதியின் பிழை இப்படிப்பட்டது. 32 பிட் எண்ணிக்கையை ஒரு முழுச் சுற்று சுற்ற ஒரு மடிக்கணினிச் செயலிக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2019இல் நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கையிலேயே இதே குறை கண்டறியப்பட்டது. அதைச் சுற்ற வைக்கச் சுமார் 140 ஜிபி நினைவகம் வேண்டும். பெரிய சர்வர்களில் அது எட்டாத அளவு இல்லை. 2017இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து லினக்ஸில் இதற்கென்றே தனி எண்ணிக்கை வகை இருக்கிறது. உச்சத்தை நெருங்கினால் அது சுற்றாமல் அங்கேயே உறைந்துவிடும். அந்தத் துண்டு விடுவிக்கப்படாமல் வீணாகும், அவ்வளவுதான். எங்காவது சாதாரண முழு எண்ணால் இத்தகைய எண்ணிக்கை நடப்பதைக் கண்டால் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒதுக்கித் தருபவரையே சந்தேகியுங்கள்

நீங்கள் எண்ணை ஒழுங்காகச் சரிபார்த்துக் கொடுத்தும் ஒதுக்கித் தரும் செயற்கூறு கெடுத்துவிடலாம். கேட்ட அளவோடு தன் குறிப்புகளுக்காகச் சில பைட்டுகளை அது சேர்க்கும். 16இன் மடங்குக்கு உயர்த்தும். 4294967290 பைட் கேட்டால் 16இன் அடுத்த மடங்கு 4294967296. 32 பிட்டில் அது பூஜ்யம். 'கிடைத்தது' என்று பாயிண்டரும் கைக்கு வந்துவிடும். 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பேட்அலாக் என்ற பெயரில் 25க்கும் மேற்பட்ட இத்தகைய குறைகளை வெளியிட்டார்கள். எல்லாம் தொழிற்சாலைக் கருவிகளிலும் சிறு மின்னணுச் சாதனங்களிலும் ஓடும் இயங்குதளங்கள், நூலகங்கள் ஆகியவற்றின் ஒதுக்கீட்டுச் செயற்கூறுகளில் இருந்தவை. கார்களில் ஓடும் க்யூஎன்எக்ஸ் இயங்குதளத்தின் கேலாக் என்ற ஒதுக்கீட்டுச் செயற்கூறும் அவற்றில் ஒன்று என்பது அந்த ஆகஸ்டில் தெரியவந்தது. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிப் பெருக்கிக்கொள்ளும் கேலாக்கே பல சி நூலகங்களில் பெருக்கலைச் சரிபார்ப்பதில்லை என்பது 2002இலேயே வெளிவந்த செய்தி. பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் அதே பிழை வேறு வீடுகளில் குடியிருந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆகவே சிறு சாதனங்களுக்கு நிரல் எழுதுபவர்கள் தங்கள் ஒதுக்கீட்டுச் செயற்கூற்றின் மூலநிரலை ஒருமுறையாவது திறந்து படிக்க வேண்டும்.

ஏழாம் படி: திருத்துவது

கையால் பெருக்கி மாலாக்குக்குக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பயனர் நிரலில் கேலாக் இருக்கிறது. இருக்கும் இடத்தை நீட்ட, ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2014இல் கொண்டுவந்து ஜிலிப்சியும் பிறகு ஏற்றுக்கொண்ட ரீஅலாக்அரே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலுக்குள் கேமாலாக்அரே, கேகேலாக் ஆகியவை உண்டு. ஒரு தலைப்புக் கட்டமைப்பும் அதன் வாலாகப் பல பதிவுகளும் சேர்ந்து வரும் இடங்களுக்கு ஸ்ட்ரக்ட்சைஸ் என்ற உதவி இருக்கிறது. அது கணக்கு வழிந்தால் மிகப் பெரிய எண்ணைத் தரும். அவ்வளவு இடம் கிடைக்காமல் ஒதுக்கீடு தோற்கும். தோல்விதான் இங்கே பாதுகாப்பு.

கணக்கை நீங்களே செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஜிசிசி 5ஆம் பதிப்பிலிருந்து கம்பைலரிலேயே உள்ள, வழிதலைச் சொல்லும் கூட்டல், பெருக்கல் வசதிகளைப் பயன்படுத்துங்கள். சி மொழியின் 2023 தரநிலையிலும் இதற்கான தலைப்புக்கோப்பு வந்துவிட்டது. எதுவும் இல்லாத பழைய கம்பைலர் என்றால், பெருக்கும் முன் உச்ச மதிப்பைப் பதிவின் அளவால் வகுத்து, எண்ணிக்கை அந்த ஈவைவிடப் பெரியதா என்று பாருங்கள். அளவு பூஜ்யமாக இருக்கக்கூடுமானால் அதை முதலில் விலக்குங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. 'கூட்டிய பிறகு சிறிதாகிவிட்டதா' என்று பிஆர்கே திருத்தத்தில் பார்த்த சோதனை குறியற்ற எண்களுக்கு மட்டுமே செல்லும். குறியுள்ள எண் வழிவதை சி மொழி வரையறுக்கவில்லை. 'அப்படி நடக்கவே நடக்காது' என்று வைத்துக்கொள்ளக் கம்பைலருக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சோதனை வரியையே தேவையற்றது என்று அது நீக்கிவிடலாம். மூலநிரலில் கண்ணெதிரே இருக்கும் சோதனை, ஓடும் நிரலில் இருக்காது.

எட்டாம் படி: கருவிகளை ஓட்டுங்கள்

ஜிசிசி, க்ளாங் இரண்டிலும் உள்ள, வரையறுக்கப்படாத நடத்தையைக் கண்டறியும் சானிடைசர் குறியுள்ள எண்கள் வழிவதைப் பிடிக்கும். குறியற்றவை சுற்றுவதை அது பிழையாகக் கருதாது. மொழிப்படி அது முறையான நடத்தை. அதற்கு க்ளாங்கில் தனி விருப்பம் ஒன்றை இயக்க வேண்டும். இதை அறியாமல் 'கருவி எதுவும் சொல்லவில்லை, ஆகவே நிரல் சுத்தம்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒதுக்கிய இடத்துக்கு வெளியே தொடுவதைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து ஓட்டினால், முதல் படியில் நீங்கள் எழுதிய அந்தப் பதினேழாவது பைட் அந்த வரியிலேயே பிடிபடும். கெர்னலில் அதே வேலையைக் கேசன் செய்கிறது. சிஸ்காலர் என்ற கருவி தாறுமாறான மதிப்புகளோடு சிஸ்டம் கால்களை ஓயாமல் அழைத்துக் கெர்னலைச் சோதிக்கிறது. இவையெல்லாம் மெய்நிகர் கணினிக்குள்ளேயே நடக்கட்டும். பிறருடைய சர்வரில் ஒரு முறைகூட முயலாதீர்கள்.

உண்மையாகவே ஒரு குறை கண்ணில் பட்டால், பொதுவெளியில் எழுதும் முன் உரியவர்களுக்குத் தெரிவியுங்கள். லினக்ஸ் கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. பாதிப்பு என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பிஆர்கே பிழையைக் கெர்னல் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரூ மார்டன் 2003 செப்டம்பரிலேயே கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். ஆனால் கெர்னலின் 2.4.22 பதிப்பு அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. திருத்தம் சேர்ந்த 2.4.23 வந்தது நவம்பர் இறுதியில். டெபியன் சர்வர்கள் விழுந்தது இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்.

அந்த இரண்டு பதிப்புகளின் மூலநிரலும் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் நினைவக மேலாண்மை அடைவில் உள்ள எம்மேப் கோப்பைத் திறந்து, டூ பிஆர்கே செயற்கூற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலே கொடுத்த 3221221376, 1073750016 என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்.